கம்சாயினியின் முப்பது பாகை

நாவற்குடாவில் வாவிக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் பட்டப்பகலில் ஒரு பெண் தனியாகச் சிரிப்பது கேட்டால் அயலவர்கள் பயப்படமாட்டார்கள். கம்சாயினியின் பட்டறையில் ஏதோ பிழையாகிவிட்டது என்று மட்டும் விளங்கிக்கொள்வார்கள். கதவுப் பலகை நெடுக வெடித்தாலும் அவள் சிரிப்பாள். அலுமாரிக் கால் கட்டையாகிப் போனாலும் சிரிப்பாள். வேலை சரிவந்த நாட்களில் அங்கே சீவுளிச் சத்தம் மட்டும்தான்.

"என்ட மனிசி சத்தமில்லாம இருந்தா எல்லாம் ஒழுங்கா நடக்குது எண்டு அர்த்தம்" என்று அவளுடைய கணவன் சதீசன் மீன் சந்தையில் சொல்லித் திரிவான். மீன் வியாபாரம் அவன் தொழில். "சிரிச்சாளெண்டா அண்டைக்கு அடுப்பு மூட்டமாட்டாள், நான் கடையில சாப்பிட்டுட்டுத்தான் வீட்ட போவன்."

கிழக்கில் மரவேலை செய்பவரை ஓடாவி என்பார்கள். அந்தச் சொல்லை ஒரு பெண்ணுக்குச் சொல்ல ஊரின் நாக்கு வளைவதற்குச் சில வருடங்கள் பிடித்தன. கம்சாயினி தொடங்கியது காத்தான்குடியில், இப்றாஹிம் முதலாளியின் தளபாடக் கடையில். கதிரைகளுக்கும் கட்டில்களுக்கும் சாண்ட் பேப்பர் தேய்ப்பது அவள் வேலை. தேய்த்துத் தேய்த்து எந்த மூட்டு எப்படிச் சேர்ந்திருக்கிறது என்று விரல் நுனியாலேயே அறிந்துகொண்டாள். கடையின் ஓடாவிமார் ஒவ்வொருவராகக் கட்டாருக்குப் பறந்துகொண்டிருந்த காலம் அது. ஒருநாள் பட்டறையில் மிச்சமிருந்த கடைசி ஓடாவியும் கடவுச்சீட்டைக் காட்டிவிட்டுப் போனபோது, முதலாளி தலையில் கைவைத்தபடி அவளைப் பார்த்தார்.

"புள்ள, உனக்கு வாள் பிடிக்கத் தெரியுமா?"

"தெரியாது முதலாளி. ஆனா நான் கட்டாருக்குப் போகமாட்டன்."

அந்தத் தகுதி அவருக்குப் போதுமாயிருந்தது. அப்படித்தான் அவள் கையில் வாள் வந்தது. இப்போது முப்பத்தாறு வயதில் சொந்தப் பட்டறை, மின்வாள், நாவற்குடாவிலிருந்து ஏறாவூர் வரைக்கும் போய்ச் சேர்ந்த கதவுகள், யன்னல்கள். யார் எதைக் கேட்டாலும் "ஓம், செய்யலாம்" என்று சொல்லிவிட்டு, எப்படிச் செய்வது என்று பிறகு யோசிப்பது அவள் வழக்கம். அந்த வழக்கம்தான் அவளைக் கிரானுக்குக் கொண்டுபோயிற்று.

கிரானில் வயல்காரப் பெண்கள் சிலர் சேர்ந்து ஒரு சின்ன நெல் ஆலை நடத்துகிறார்கள். தலைவி புஸ்பம் நாற்பது கடந்தவர். கூட்டத்தில் உரக்கப் பேசுவார், பேசி முடித்ததும் யாருக்கும் மனம் நொந்துவிட்டதோ என்று கவலைப்படுவார். எஞ்சினை ஓட்டுபவர் தங்கராசா. ஆலையில் அவர் ஒருவர்தான் ஆண் என்பதால், ஆலைக்குச் சொந்தக்காரர்கள் வெளியே நிற்கிறார்கள் என்பது அடிக்கடி அவருக்கு மறந்துபோகும்.

வெளியே நிற்கிறார்கள் என்பது சும்மா சொல்லும் வார்த்தை அல்ல. முன்பு நெற்கதிரைச் சூடு அடிக்கும் களமான களவெட்டிக்குள் பெண்கள் கால் வைக்கக்கூடாது என்றொரு கட்டுப்பாடு இருந்தது. பிறகு வெட்டு மெசின் வந்தது. அது வயல் வட்டைக்குள் இறங்கி, நெற்கதிரை அறுத்து, நெல்லை உதிர்த்து, களவெட்டியையே விழுங்கிவிட்டது. விழுங்கமுடியாமல் துப்பியது அந்தக் கட்டுப்பாட்டை மட்டும்தான். துப்பியதைத் தங்கராசா பொறுக்கிக்கொண்டு வந்து ஆலைக்குள் வைத்துக்கொண்டார். மாதவிலக்கு நாட்களில், அதாவது துடக்கு நாட்களில், பெண்கள் எஞ்சின் அறைக்குள் வரக்கூடாது என்பார். எந்த நாள் என்று காட்டிக்கொள்ள விரும்பாமல் அவர்களும் எப்போதும் வாசலில் நின்றே மூட்டையை உள்ளே தள்ளிவிடுவார்கள். அதே பெண்கள் துடக்கு நாட்களில் சேற்றில் குனிந்து களை பிடுங்கும்போது எந்தத் தெய்வமும் நாள் கேட்பதில்லை. அடுப்படியில் வெந்துகொண்டு நெல் அவிக்கும்போதும் கேட்பதில்லை. வேலை கஷ்டமாக இருக்கும் இடத்தில் தீட்டு இல்லை. அதிகாரம் இருக்கும் இடத்தில் மட்டும் உண்டு. இதற்கு நம்பிக்கை என்று மரியாதையாக ஒரு பெயர் வைத்திருக்கிறோம்.

ஆலையில் நெல் கொட்டும் தகரத் தொட்டி துருப்பிடித்து ஓட்டையானபோது, மரத்தில் ஒன்று செய்வோம் என்று முடிவானது. மேலே அகன்று கீழே ஒடுங்கும் தொட்டி. நான்கு பக்கமும் நான்கு சாய்ந்த பலகைகள். வாய் சரியான சதுரம். புஸ்பம் கம்சாயினிக்குத் தொலைபேசியில் சொன்னார். கம்சாயினி "ஓம், செய்யலாம் அக்கா" என்றாள்.

நெல் நன்றாக வழுக்கி இறங்கவேண்டும் என்பதற்காகப் பலகைகளுக்கு நாற்பத்தைந்து பாகைச் சாய்வு வைத்தாள். பலகையின் வடிவத்தைத் தாளில் முழு அளவில் கீறி, அதன்படி வெட்டினாள். இரண்டு பலகைகள் மூலையில் சேர விளிம்பைச் சரித்து வெட்டவேண்டுமே, அதற்கு? சதுர மூலை தொண்ணூறு, அதில் பாதி நாற்பத்தைந்து. ஆயிரம் யன்னல் சட்டங்களுக்கு வெட்டிய கை. வாளை நாற்பத்தைந்தில் சரித்து வைத்துவிட்டாள். சாய்வும் நாற்பத்தைந்து, விளிம்பும் நாற்பத்தைந்து, மனதுக்கு என்ன ஒரு நிறைவு. பசை பூசித் திருகாணி இறுக்கி, ஆலையில் கொண்டுபோய்ப் பூட்டி, வெளியே நின்று சுற்றிப் பார்த்தாள். நான்கு மூலையிலும் ஒரு மயிர் நுழையாது. அவள் சிரிக்கவில்லை.

சிரித்திருக்கவேண்டும்.

முதல் மூட்டையைத் தங்கராசா தேங்காய் உடைத்துவிட்டுக் கொட்டினார். இரண்டாம் மூட்டை வரைக்கும் எல்லாம் நன்றாக இருந்தது. எஞ்சின் ஓடத் தொடங்கித் தொட்டி அதிர்ந்ததும் ஒரு மூலையிலிருந்து நெல் மெல்லக் கசிந்தது. பிறகு மற்ற மூலையிலும். பிறகு நான்கு மூலையும் ஒன்றாக வாய் திறந்து, கீழே எஞ்சினடியில் நின்ற தங்கராசாவின் தலையிலும் தோளிலும் நெல்லைப் பொழிந்து தள்ளின. கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்குப் பூ தூவுவதுபோல இருந்தது. வாசலில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கம்சாயினி பொத்தவில்லை.

அவள் சிரித்து முடிக்கும்வரை தங்கராசா எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். காதுக்குள் இருந்த நெல்லைத் தட்டி எடுத்தார்.

"புள்ள, இதப் பூட்டின அண்டைக்கு உனக்குச் சுகமா இருந்ததோ?"

"ஓம் அண்ணன். காய்ச்சல் தடிமன் ஒண்டும் இல்ல."

"அதக் கேக்கல்ல."

"மறுகா எதக் கேக்கிறீங்க?"

தங்கராசா புஸ்பத்தைப் பார்த்தார். புஸ்பம் கூரையைப் பார்த்தார். கூரையில் உதவிக்கு யாரும் இல்லை.

"துடக்கோ எண்டு கேக்கிறார்" என்றார் புஸ்பம், கூரைக்கே சொல்வதுபோல.

பொய் சொல்லியிருக்கலாம். ஒரு சின்ன "இல்ல" போதும், கதை அங்கேயே முடிந்திருக்கும். கம்சாயினிக்கு அது தோன்றக்கூட இல்லை. "ஓம், துடக்குத்தான்" என்றாள்.

தங்கராசாவுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. பலகை விரிந்ததற்குக் காரணம் கிடைத்துவிட்டது. அது அன்று மாலைக்குள் கிரான் முழுவதும் போய்ச் சேர்ந்தது. இதுவரை வாய்ப்பேச்சாக இருந்ததை ஆலையின் விதியாகவே எழுதவேண்டும் என்றார். துடக்கு நாளில் எந்தப் பெண்ணும் எஞ்சின் அறைக்குள் வரக்கூடாது, ஆலைக்கான மரவேலையை ஆண்தான் செய்யவேண்டும். பயந்துபோன அங்கத்தவர்கள் சிலர் தலையாட்டினார்கள். அடுத்த கூட்டத்தில் கை உயர்த்துவது என்று முடிவானது.

"கூட்டத்துக்கு முதல் சரியான தொட்டியொண்டக் கொண்டு வா கா" என்று புஸ்பம் சதீசனின் மீன் லொறியடி வரைக்கும் வந்து சொன்னார். "இல்லாட்டி என்னால மறிக்க ஏலா. என்ட சொந்த ஆலைக்கு வெளியில நான் நிக்கோணும், வாழ்நாள் முழுக்க."

கம்சாயினி உடைந்த தொட்டியை லொறியில் ஏற்றிக்கொண்டே தங்கராசாவைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணன், துடக்கு பலகைய எத்தின பாகைக்கு விரிக்கும் எண்டு கேட்டுச் சொல்லுங்க. நான் அதுக்கேத்த மாதிரிக் கூட்டி வெட்டுறன்."

வீடு வரும்வரை அவள் பேசவில்லை, சிரிக்கவும் இல்லை. லொறியை ஓட்டிய சதீசன் உண்மையிலேயே கலங்கிப்போனான்.

அடுத்த நாள் மதியம் அவன் சந்தையால் வந்தபோது, தொட்டியின் ஒடுங்கிய பக்கத்தால் மனைவியின் குரல் வந்தது. தலையை அகன்ற வாய்க்குள் விட்டுக் குப்புறப் படுத்திருந்தாள்.

"இஞ்ச வாங்க. உள்ளுக்குப் பாருங்க."

பார்த்தான். வெளியே முத்தமிட்டுக்கொண்டிருந்த பலகைகள் உள்ளே ஒன்றையொன்று தொடவே இல்லை. ஒவ்வொரு மூலையிலும் மேலிருந்து கீழ்வரை கூரான ஒரு பிளவு. வெளி விளிம்பில் நூல் மாதிரி ஒட்டியிருந்ததைத்தான் அவள் பொருத்தம் என்று நம்பியிருந்தாள். அந்தப் பிளவுக்குள் நெல் இறங்கியிருக்கிறது. நெல்லோ இரண்டு முனையும் கூரானது. ஒவ்வொன்றும் ஒரு ஆப்பு. எஞ்சின் அதிர அதிர ஆயிரம் ஆப்புகள் இறங்கினால் எந்தப் பசைதான் நிற்கும்?

"அப்ப துடக்கில்லையா?" என்றான் சதீசன்.

"வாயப் பொத்துங்க. உங்கட மீன் பெட்டியொண்டு வேணும்."

"எது, றெஜிபோம் பெட்டியா? பாரை மீன நான் எங்க வைக்கிற?"

"குசினியில வைங்க. இண்டைக்கு அதத்தான் சமைக்கப் போறன்."

எடையில்லாத அந்த வெள்ளை நுரைப் பெட்டியைத் துண்டு துண்டாக அறுத்தாள். பட்டறை முழுவதும் மீன் வாசம். நான்கு துண்டுகளை எடுத்துத் தரையில் தட்டையாக வைத்துச் சதுரமாகச் சேர்த்தாள். படச்சட்டம். தட்டையாகப் படுத்திருக்கும்போது விளிம்பைச் சரிக்கவே தேவையில்லை, வாள் நிமிர்ந்தே நிற்கலாம். பிறகு நான்கு துண்டுகளை நட்டமாக நிறுத்திச் சேர்த்தாள். பெட்டி. நட்டமாக நிற்கும்போது விளிம்பை நாற்பத்தைந்து சரிக்கவேண்டும். அவளுக்கு மெல்லத் தலை சுற்றத் தொடங்கியது. நல்ல விதமான சுற்று.

"படுத்தாப் பூச்சியம், நிண்டா நாப்பத்தஞ்சு" என்றாள். "அப்ப பாதி சரிஞ்சு நிண்டா?"

"அதில பாதி. இருபத்திரண்டரை" என்றான் சதீசன், கணக்கில் தனக்கும் ஒரு பங்கு கிடைத்த பெருமையோடு.

வெட்டிப் பார்த்தாள். இந்தத் தடவை பிளவு உள்ளே இல்லை. வெளியே.

அவள் அப்படியே குந்திவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு சிரிப்பு. நாற்பத்தைந்துக்கு உள்ளே திறக்கிறது, இருபத்திரண்டரைக்கு வெளியே திறக்கிறது. அப்படியானால் உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ ஒளிந்திருக்கிறது, தப்பி ஓட வழியில்லாமல். அதைப் பிடிப்பது இனி நேரம் சம்பந்தப்பட்ட விடயம்.

மெல்லிய துண்டுகளால் ஒரு குட்டித் தொட்டியை ஊசி குத்தி நிறுத்தினாள். அதன் மூலை ஓடும் கோட்டுக்குச் சரி குறுக்காக வாளை வைத்து அறுத்தாள். அறுத்த முகத்தில் பாகைமானியை வைத்தாள். நூற்றிருபது.

இன்னொரு தடவை வைத்தாள். நூற்றிருபதேதான்.

மேலேயிருந்து எட்டிப் பார்க்கிறவனுக்கு அந்த மூலை தொண்ணூறு. ஆனால் பலகைகள் மேலேயிருந்து எட்டிப் பார்ப்பதில்லையே. அவை சாய்ந்து நிற்கின்றன, சாய்ந்தபடியே சந்திக்கின்றன, சந்திக்கும் இடத்தில் அவற்றுக்கு இடையே இருப்பது நூற்றிருபது. அதில் பாதி அறுபது. அதற்கு வாளை நிமிர்ந்த நிலையிலிருந்து முப்பது சரித்தால் போதும். இத்தனை காலமும் அவள் பலகையின் மூலையைப் பலகையிடம் கேட்காமல் மேலே பறக்கும் காகத்திடம் கேட்டிருக்கிறாள்.

முப்பதில் வெட்டினாள். சேர்த்தாள். உள்ளே பார்த்தாள், வெளியே பார்த்தாள், வெளிச்சத்துக்குப் பிடித்தாள். எங்கும் ஒரு கீற்று இல்லை. அந்தக் குட்டித் தொட்டியைத் தொப்பியாகத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பட்டறையைச் சுற்றி ஆடினாள். காற்றாடியின் கீழே வெள்ளை மணிகள் பறந்தன. அவள் மயிரெல்லாம் றெஜிபோம்.

"என்ட பிழை" என்றாள். "முழுக்க முழுக்க என்ட பிழைதான்."

"பிழை விட்டதுக்கு இப்பிடி ஆடுற ஆள நான் இப்பதான் காணுறன்" என்றான் சதீசன்.

அவள் நின்றாள். மூச்சு வாங்கியது. "என்ட பிழை எண்டா நான் திருத்தலாம். துடக்கு எண்டா என்னத்தத் திருத்துற? என்னையா?"

சதீசன் அவள் காதோரத்தில் ஒட்டியிருந்த ஒரு வெள்ளை மணியை எடுத்துவிட்டான்.

அதே மலைவேம்பில் புதிய பலகைகள் வந்தன. தொட்டி தயாரானதும் புஸ்பம் அழைத்தார். நல்ல நாளொன்று பார்த்துச் சொல்லவா என்று கேட்டார்.

"வேணாம் அக்கா. அண்டைக்கு இருந்த மாதிரியே எல்லாம் இருக்கோணும். அதே ஆள், அதே எஞ்சின், அதே துடக்கு. கோணம் மட்டும்தான் மாறோணும். ரெண்ட ஒண்டா மாத்தினா எது திருத்தினது எண்டு எப்பிடித் தெரியும்? கூட்டம் எண்டைக்கு?"

புஸ்பம் நாளைச் சொன்னார். கம்சாயினி மனதுக்குள் கணக்குப் பார்த்தாள். "அது அந்த நேரம்தான் வரும்" என்றாள். மறுமுனையில் முதலில் ஒரு "ஐயோ". பிறகு, புஸ்பத்தின் வயதுக்கும் பதவிக்கும் பொருந்தாத ஒரு கெக்கலிப்பு.

"இன்னொண்டு அக்கா. பழைய பலகைகளக் கழட்டி அனுப்புறன். அதத் தங்கராசண்ணன் தன்ட கையால பொருத்தட்டும். சுத்தபத்தமா."

தங்கராசா சவாலை ஏற்றுக்கொண்டார். அவரைக் குறைத்துச் சொல்லக்கூடாது, செய்ததை முழு மனதோடு செய்தார். மச்சம் மாமிசம் விட்டார். விடிய முழுகி, திருநீறு பூசி, பலகைக்கும் பூசி, கற்பூரம் காட்டி, பசையும் புதிய திருகாணியும் போட்டு இறுக்கினார்.

கூட்டத்துக்கு அங்கத்தவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். வழக்கம்போல எஞ்சின் அறை வாசலில் நின்றார்கள். கம்சாயினி உள்ளே போனாள். போகும்போதே, கேட்காமலே, "இண்டைக்கும் துடக்குத்தான், ரெண்டாம் நாள்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

முதலில் தங்கராசாவின் தொட்டி. நெல் கொட்டப்பட்டது. நின்றது. இன்னொரு மூட்டை. நின்றது. தங்கராசா கண்ணை மூடிக் கைகூப்பினார். வாசலில் ஒரு பெருமூச்சு எழுந்தது. கம்சாயினிக்குக்கூட ஒரு சந்தேகம் வந்தது. அவர் ஒருவேளை இடைவெளியைப் பசையாலேயே நிரப்பிவிட்டாரோ?

"எஞ்சினப் போடுங்க அண்ணன்" என்றாள்.

எஞ்சின் இருமியது, ஓடியது. தொட்டி நடுங்கியது. ஆப்புகள் இறங்கின. முதலில் ஒரு மூலை, பிறகு நான்கும். திருநீறு ஒட்டிய நெல் தங்கராசாவின் தலையில், தோளில், இடுப்பில் கட்டிய சாரத்து மடிப்பில், முன்பைவிடத் தாராளமாகப் பொழிந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கு முன் மற்றதைப் பார்க்கவேண்டும்.

கம்சாயினியின் தொட்டியைப் பூட்டினார்கள். அவளே கொட்டினாள். எஞ்சின் ஓடியது. தொட்டி நடுங்கியது. எல்லாக் கண்களும் நான்கு மூலைகளில். அப்போது சீமெந்துத் தரையில் டிக் என்று ஒரு நெல் விழுந்தது. டிக், டிக். இன்னும் இரண்டு.

புஸ்பம் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார். கம்சாயினி குனிந்து தொட்டியின் கீழே கையை ஓடவிட்டாள். மூலைகள் காய்ந்து கிடந்தன. டிக். அவள் சத்தம் வந்த பக்கம் திரும்பினாள். நெல் விழுந்தது தங்கராசாவின் சாரத்து மடிப்பிலிருந்து. பதற்றத்தில் அவருடைய கால் ஆடிக்கொண்டிருந்தது, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு நெல்.

"அண்ணன், ஒழுகுறது நீங்கதான்" என்றாள்.

அதன்பின் வாசல் தாங்கவில்லை. ஒருத்தி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், ஒருத்தி மற்றவளின் தோளில் விழுந்து சிரித்தாள். தொட்டி நிறைய நெல் நின்று, இறங்கி, உமி நீங்கி அந்தப் பக்கம் அரிசியாக வந்துகொண்டிருந்தது.

"பசை பழசு" என்றார் தங்கராசா.

"பசைக்கும் துடக்கோ அண்ணன்?" என்று கேட்டார் புஸ்பம்.

கேட்டபின், வழக்கத்துக்கு மாறாக, தங்கராசாவின் மனம் நொந்ததோ என்று கவலைப்படவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். "எனக்கும் இண்டைக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, ஒரு மூட்டையை அணைத்துத் தூக்கிக்கொண்டு எஞ்சின் அறைக்குள் நடந்தார். கொட்டினார். அவருக்குப் பின்னால் இன்னொருத்தி வந்தாள். பிறகு இன்னொருத்தி. யாருக்கு எந்த நாள் என்று யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. விதிக்குக் கை உயர்த்த வந்த கைகளெல்லாம் மூட்டை பிடித்திருந்தன. உமித் தூசியில் ஆளுக்காள் தும்மினார்கள்.

மூலைகள் திறக்கவில்லை. ஆனால் நெல் மேலால் வழியத் தொடங்கியது.

தங்கராசா ஓடிவந்து இரண்டு கைகளாலும் அணைபோட்டுப் பார்த்தார். முடியவில்லை. தொட்டியை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே எட்டிப் பார்த்து, மூலையில் விரலை ஓட்டி, இழுத்தும் பார்த்தார். பிறகு, கம்சாயினி அவரிடமிருந்து ஒருபோதும் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார்.

"மூலையெல்லாம் சரி புள்ள. உயரம் காணாது. இது உன்ட பிழைதான்."

"ஓம் அண்ணன்" என்றாள் கம்சாயினி. "அது என்ட பிழைதான்."

அப்போது அவளுக்கு வந்த சிரிப்பு எஞ்சின் சத்தத்தையும் தாண்டி வெளியே லொறியில் காத்திருந்த சதீசனின் காதில் விழுந்தது. அவன் பக்கத்துக் கடைக்குப் போய், தனக்கொரு சோற்றுப் பார்சல் கட்டச் சொன்னான்.